நான்காம் நாள்

இன்னும் ஆறு ஸ்லைடு இருக்கிறது. ஆள்காட்டி விரல் லேப்டாப்பின் அம்புக்குறிப் பட்டன்மேல் இருக்கிறது, கிரிதரன் சார் "அடுத்தது" என்றால் அழுத்த வேண்டும், அவ்வளவுதான் இன்றைக்கு என் வேலை, நேற்று அவரே அப்படித்தான் சொன்னார், "மோகனா, நாளைக்கு நீ பட்டனை மட்டும் அமுக்கு, பேசறத நான் பாத்துக்கறேன்." சுவரில் ஒரு வெள்ளை வேட்டியை நான்கு மூலையிலும் ஆணியடித்து இழுத்துக் கட்டியிருக்கிறார்கள், திரை கிடைக்கவில்லையாம், புரொஜக்டர் வெளிச்சம் அதில்தான் விழுகிறது, மின்விசிறி சுற்றும்போது வேட்டி லேசாக உப்பி அடங்குகிறது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினோரு பேர். ஈரோட்டில் ஒரு பூங்காவில் தினமும் காலையில் நடக்கிறவர்கள், சங்கம் வைத்து, செயலாளர் வைத்து, ஒன்பது வருடமாக நடக்கிறவர்கள், இன்னும் இருபது நாளில் உத்தராகண்டில் பதினைந்தாயிரத்து இருநூறு அடி உயரத்தில் இருக்கும் ஒரு கணவாயைக் கடக்கப்போகிறவர்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு போவது கிரிதரன் சாரின் கம்பெனி, நான் வேலை பார்க்கும் கம்பெனி. எந்த நாள் எங்கே தங்குவது, எவ்வளவு ஏறுவது என்று அட்டவணை போட்டது நான். அது ஏழாவது ஸ்லைடில் இருக்கிறது. அதில் ஒரு நாள் இல்லை. விட்டுப்போய்விட்டது என்று சொல்லிப் பார்க்கிறேன், மனதுக்குள்தான், அப்படிச் சொன்னால் கொஞ்சம் லேசாக இருக்கிறது, மழையில் குடை விட்டுப்போகிற மாதிரி. ஆனால் விட்டுப்போகவில்லை. நான் எடுத்தேன். வேட்டியில் இப்போது தெரிவது முதல் ஸ்லைடு, பூங்கா வாசலில் இவர்கள் எல்லோரும் நிற்கும் படம், செயலாளர் சென்னியப்பன் முன்வரிசையிலிருந்து சத்தமாகச் சொல்கிறார், "ஏனுங்க கிரி, எங்க தொப்பையெல்லாம் தெரியற போட்டோவாத் தேடி எடுத்தீங்களா?" பின்னாலிருந்து ஒருவர், "அது போன வருசத் தொப்பைங்க, இப்பப் பெருசாயிருச்சு" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும் சிரித்தேன்.

"அடுத்தது." அழுத்தினேன். பனிமலை. இந்தப் படத்தை நான்தான் தேர்ந்தெடுத்தேன், நீல வானமும் வெயிலும் இருக்கிற படம், மேகம் இருக்கிற படங்களைக் கிரிதரன் சார் வேண்டாம் என்றார். நான் பனியைப் பார்த்ததில்லை. என் உயரம் ஊட்டியோடு முடிகிறது, கல்லூரிச் சுற்றுலா, இரண்டாவது கொண்டை ஊசி வளைவிலேயே எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டேன், பத்தாவதில் அதுவும் உதவவில்லை. ஏழாயிரத்து முந்நூறு அடி. இவர்கள் போவது அதைப்போல இரண்டு மடங்கு, இந்தக் கணக்கை வெள்ளிக்கிழமையிலிருந்து எத்தனையோ தடவை போட்டுவிட்டேன், ஊட்டிக்கு மேலே இன்னொரு ஊட்டி, அதற்கும் மேலே கொஞ்சம். பழைய அட்டவணை இப்போதும் எனக்கு மனப்பாடம். முதல் நாள் அடிவார ஊர், ஆறாயிரத்து ஐந்நூறு. இரண்டாம் நாள் எட்டாயிரத்துத் தொள்ளாயிரம். மூன்றாம் நாள் பதினோராயிரம். நான்காம் நாள் ஓய்வு, அதே இடம். ஐந்தாம் நாள் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு. ஆறாம் நாள் கணவாய். அப்போது ஈரோட்டிலிருந்து கிளம்புவது சனிக்கிழமை. எங்கள் கோயம்புத்தூர் ஆபீசுக்குச் சென்னியப்பன் போன் செய்தார், ஸ்பீக்கரில் போட்டிருந்தார் சார், "சனிக்கிழமை நவமிங்க. நவமியன்னைக்கு எங்கூட்டுல கருவேப்பலை வாங்கக்கூட வெளிய போகமாட்டாங்க, இமயமலைக்குப் போறதுங்களா?" வெள்ளிக்கிழமை அஷ்டமி, அதுவும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை தசமி, நல்ல நாள். திரும்பும் தேதியை மாற்ற முடியாது, அவர் மகனுக்கு நிச்சயதார்த்தம், திரும்பும் டிக்கெட் எல்லோருக்கும் எடுத்தாகிவிட்டது, போகிற டிக்கெட்தான் இன்னும் எடுக்கவில்லை. சார் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நடுவுல ஒரு நாளை அட்ஜஸ்ட் பண்ணிரு மோகனா." அட்டவணையைத் திறந்தேன். ஒவ்வொரு வரியிலும் ஒரு இடத்தின் பெயர் இருந்தது, உயரம் இருந்தது, எத்தனை மணி நேர நடை என்று இருந்தது. நான்காவது வரியில் மட்டும் ஓய்வு என்று எழுதி, நடை என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு போட்டிருந்தது. யோசிக்கவே இல்லை. எதை எடுப்பது என்று ஒரு கேள்வியே எழவில்லை. அந்த வரியை எடுத்தேன், கீழே இருந்தவை எல்லாம் ஒரு படி மேலே வந்து ஒட்டிக்கொண்டன, அங்கே ஏதோ இருந்தது என்பதற்கு ஒரு தடம்கூட இல்லை. "பரவால்லியே, அஞ்சு நிமிசத்துல முடிச்சிட்டியே" என்றார் சார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதுதான் இப்போது உறுத்துகிறது, அந்தச் சந்தோஷம்.

ஏன் யோசிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன், யோசிக்காததற்குச் சேர்த்து இப்போது யோசிக்கிறேன். அப்பா மாட்டுத்தீவனக் குடோனில் மூட்டை தூக்குகிறார். இரண்டு வருடம் முன்பு முதுகு பிடித்துக்கொண்டது, பெரியாஸ்பத்திரியில் ஒரு வாரம் ஓய்வு என்று சீட்டில் எழுதிக்கொடுத்தார்கள், மூன்றாம் நாள் இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார், அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடுவான் என்று அவருக்குத் தெரியும். அம்மா நூல் மில்லில். அம்மாவுக்குத் தலைவலி வந்தால் வாய்விட்டுச் சொல்ல மாட்டாள், விளக்கு வெளிச்சத்துக்கு முதுகைக் காட்டி உட்காருவாள், நெற்றியில் தைலம் மின்னும், அதை வைத்து நாங்களாகத் தெரிந்துகொள்ள வேண்டியதுதான், தலை வலிக்குதா என்று கேட்டால், "சும்மா இரு, வேலையப் பாரு." ஓய்வு என்ற சொல்லை எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை, முதலில் எழுத்தில்தான் பார்த்தேன், பள்ளி ஆண்டுவிழா அழைப்பிதழில், ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் என்று. அது பெரிய மனிதர்கள் பெறுகிற ஏதோ பட்டம் என்று நினைத்தேன். இப்படியெல்லாம் அடுக்கினால் பாவம் இந்தப் பெண் என்று தோன்றுகிறது. அதில்தான் எனக்குச் சந்தேகம். ஏனென்றால் பாடத்தில் இருந்தது. சுற்றுலா மேலாண்மை, மூன்றாம் ஆண்டு, உயரமான இடங்களுக்கு உடல் பழகுதல், ஒன்றரைப் பக்கம். ஐந்து மதிப்பெண் கேள்வியாக வரும் என்றார்கள், நான் அதை சாய்ஸில் விட்டுவிட்டேன். எட்டு கேள்வியில் ஐந்து எழுதினால் போதும், மலை ஒன்று போனால் கடற்கரை ஒன்று கிடைக்கும். எழுபத்தெட்டு சதவீதம். எங்கள் தெருவில் முதல் பட்டம், அப்பா குடோன் முழுக்கச் சாக்லேட் கொடுத்தார். அந்த எழுபத்தெட்டில் இந்தப் பதினோரு பேருடைய நான்காம் நாள் இல்லை.

"அடுத்தது." அடிவாரத்து வழிகாட்டி பலவந்த் பண்டாரியின் படம், தொப்பியோடு. "இவருதான் உங்கள மேல கூட்டிட்டுப் போறவரு, இருவத்திரண்டு வருச அனுபவம்" என்கிறார் சார். "அவருக்குத் தமிழ் தெரியுங்களா?" என்று சென்னியப்பன் கேட்கிறார். "திரும்பி வர்றதுக்குள்ள நாம கத்துக்குடுத்திரலாமுங்க" என்கிறார் சார். மறுபடியும் சிரிப்பு. இரண்டாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்திருக்கும் மங்கையர்க்கரசி மேடம் மட்டும் சிரிக்காமல் நோட்டில் வழிகாட்டியின் பெயரை எழுதிக்கொள்கிறார். தபால் ஆபீசில் கவுண்டரில் முப்பத்து மூன்று வருடம் இருந்தவர், எதையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படிக்கிறவர், நாங்கள் அனுப்பிய பழைய அட்டவணையைப் படித்த ஒரே ஆள் அவர்தான். அனுப்பிய மறுநாளே போன் செய்தார், "அந்த ஓய்வு நாள்ல துணி தொவைக்கத் தண்ணி கெடைக்குமா கண்ணு?" எனக்குச் சிரிப்பு வந்தது, விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். பிறகு புதிய அட்டவணை போனது. மறுபடி போன். "ஓய்வு நாளைக் காணமே கண்ணு?" அந்த இடத்தில்தான் என் மனது மறுபடி மறுபடி போய் மாட்டிக்கொள்கிறது, முள்ளில் தாவணி மாட்டுகிற மாதிரி, எடுத்துவிட்டு இரண்டடி நடந்தால் மறுபடியும். நான் என்ன சொன்னேன். "அட்ஜஸ்ட் பண்ணிட்டமுங்க மேடம், பிரச்சினை இல்லைங்க." பிரச்சினை இல்லை என்று எனக்கு யார் சொன்னார்கள்? யாரும் சொல்லவில்லை. நான் எங்கேயாவது பார்த்தேனா? பார்க்கவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும், தெரியாது என்றால் இவளுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துவிடுவார்கள், அந்தப் பயம் நாக்கு நுனியிலேயே இருக்கிறது, அது என்னை முந்திக்கொண்டு பேசிவிடுகிறது. அவர் அதற்கு, "அப்படியா, நீ சொன்னாச் சரி" என்றார். முப்பத்து மூன்று வருடம் ஒரு கையெழுத்தைக்கூடச் சரிபார்க்காமல் விடாத மனுஷி, நீ சொன்னாச் சரி என்றார்.

உணவு பற்றிய ஸ்லைடு ஓடுகிறது. மேலே ரசம் கிடைக்குமா என்று யாரோ கேட்கிறார்கள், ரசப்பொடி கொண்டுபோகலாம் என்று சார் சொல்கிறார், ரசப்பொடி யார் கொண்டுவருவது என்று ஒரு சண்டை. வெளியே யாரோ போண்டா போடுகிறார்கள், எண்ணெய் காய்கிற வாசனை உள்ளே வருகிறது, பிரீஃபிங் முடிந்ததும் போண்டாவும் காப்பியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் பலவந்த்துக்குப் போன் செய்தது கூடாரம் எத்தனை என்று கேட்கத்தான். எனக்குத் தெரிந்த இந்தி, அம்மாவின் மில்லில் வேலை செய்யும் ஜார்க்கண்ட் பெண்களிடம் பிடித்துக்கொண்டது, அதில் பாதி வசவு. கூடாரம் ஆறு என்று முடிந்தது, வைக்கப்போனேன், அவர் கேட்டார், இவர்கள் எல்லாம் மலை ஆட்களா என்று. இல்லை, ஈரோடு என்றேன், ஈரோடு எவ்வளவு உயரம் என்றார், அறுநூறு அடி இருக்கும் என்றேன். அந்தப் பக்கம் பேப்பர் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, பேப்பரில் ஓய்வு நாள் இல்லையே மேடம், என்றார். குறை சொல்கிற குரல் இல்லை. நீங்கள் எழுதியிருக்கிறீர்கள், நீங்கள் சொன்னால் நடப்போம், என்றார், மேடம் என்றார், என்னை, இருபத்து மூன்று வயசில் பனியைப் பார்க்காதவளை. அன்று சாயங்காலம் கம்பெனி அலமாரியில் தூசியோடு கிடந்த பயிற்சிப் புத்தகத்தை எடுத்துப் படித்தேன். பத்தாயிரம் அடிக்கு மேலே போனால் தூங்கும் இடத்தை ஒரு நாளில் ஆயிரத்து ஐந்நூறு அடிக்குமேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒரு தடவை அதே உயரத்தில் இன்னொரு இரவு தூங்க வேண்டும். காற்றில் பிராணவாயு குறைவு, உடம்பு அதற்குத் தன்னை மாற்றிக்கொள்கிறது, அதற்கு நேரம் வேண்டும், நடந்து பழகியவர், ஓடிப் பழகியவர் என்று அது பார்ப்பதில்லை. முதலில் தலைவலி. பிறகு வாந்தி. பிறகு குடித்தவர்போல் கால் பின்னும். பிறகு எழுப்பினால் எழ மாட்டார்கள். தலைவலி வந்ததும் சொல்லிவிட்டால் இறக்கிவிடலாம், சொல்லாமல் மறைப்பவர்கள்தான் ஆபத்தில் சிக்குகிறார்கள் என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தது, அதைப் படித்ததும் எனக்கு அம்மாவின் நெற்றிதான் தெரிந்தது, மின்னுகிற தைலம், விளக்குக்கு முதுகு. அம்மாவை அந்த மலைக்குக் கூட்டிப்போனால் மூன்றாவது கூடாரத்தில், சும்மா இரு, வேலையப் பாரு என்று சொல்லிக்கொண்டே படுத்துக் கிடப்பாள். அந்தக் கூடாரத்தில் அம்மா பக்கத்தில் மங்கையர்க்கரசி மேடத்தையும் மனதுக்குள் பார்த்தேன், அவரும் சொல்ல மாட்டார், மற்றவர்களுக்குத் தொந்தரவு என்று கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்வார், நீ சொன்னாச் சரி.

"அடுத்தது." உடற்தகுதி. இன்னும் ஒரு ஸ்லைடு, வானிலை, அதற்கப்புறம் அதுதான். நேற்று சாரிடம் சொன்னேன். சொல்லவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அப்படி நினைப்பதிலேயே ஒரு ஒளிந்துகொள்ளல் இருக்கிறது, சொல்லிவிட்டேன், என் கடமை முடிந்தது, இனி அவர் பாடு. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பயப்படாதே. மாத்திரை இருக்கு, ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டு போறாங்க, விரல்ல மாட்டற மெசின் இருக்கு. எல்லாத்துக்கும் மேல பலவந்த் இருக்கான். நாளைக்கு இதப் பேச்செடுத்தா மொத்தக் கூட்டமும் கேன்சல்னு நிக்கும். நான் அங்க போனப்பறம் மெதுவாச் சொல்லிக்கறேன்." கெட்டவர் இல்லை. பதினேழு இடத்தில் இன்டர்வியூ முடித்துவிட்டு உட்கார்ந்திருந்தபோது, உன் இங்கிலீஷ் போகப்போக வந்துரும் என்று வேலை கொடுத்தவர் இவர் ஒருவர்தான். அடுத்த மாதம் வேலையை நிரந்தரமாக்குகிறேன் என்றிருக்கிறார். அப்பா ஏற்கெனவே குடோனில் சொல்லிவிட்டார், எம்பொண்ணுக்குப் பர்மனெண்ட்டு. ஒருவேளை ஒன்றும் ஆகாமல் போகலாம். எத்தனையோ பேருக்கு ஒன்றும் ஆகவில்லை, புத்தகத்திலேயே இருக்கிறது, எல்லோருக்கும் வருவதில்லை. பதினோரு பேரில் பத்துப் பேருக்கு வராமல் போகலாம். அந்தப் பத்து என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் மூச்சு விடுகிறேன், பிறகு ஒன்று என்ற எண் வருகிறது, அந்த ஒன்று எந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்கிறேன், பார்க்காமல் இருக்க முடியவில்லை, எல்லா முகமும் அந்த ஒன்றாகத் தெரிகிறது. ரசப்பொடிக்காரர். தொப்பைக்காரர். மேடம். மேடம் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறார், போண்டா வாசனையைப் பற்றிய சிரிப்பு, வருது பார் என்று கண்ணால் வாசல் பக்கம் காட்டுகிறார். நான் தலையாட்டினேன். சார் "அடுத்தது" என்றிருக்கிறார் போல, இரண்டாவது தடவை "மோகனா, அடுத்தது" என்றதும்தான் அழுத்தினேன், வானிலை, இரவில் கழித்தல் எட்டு. சென்னியப்பன், "எட்டு டிகிரியாவது, கழிக்கறதாவது, எங்களுக்குப் பெருக்கித்தான் பழக்கம்" என்கிறார். நான் சிரிக்கவில்லை. விரல் பட்டன்மேல் வியர்த்திருக்கிறது. அங்க போனப்பறம் மெதுவாச் சொல்லிக்கறேன் என்றாரே, அங்கே போன பிறகு நாள் எங்கிருந்து வரும்? திரும்பும் டிக்கெட் அப்படியே இருக்கிறது, நிச்சயதார்த்தம் அப்படியே இருக்கிறது. மெதுவாகச் சொல்வதற்கு அங்கே ஒன்றுமே மிச்சமில்லை. இது ஏன் நேற்றே எனக்குத் தோன்றவில்லை? நேற்று தோன்றியிருந்தால் தனியறையில் சொல்லியிருக்கலாம், இப்போது தோன்றுகிறது, வானிலை முடிகிற நேரத்தில், பதினோரு பேர் முன்னால். நாளைக் காலையில் போகிற டிக்கெட் எடுத்துவிடுவோம். ஞாயிற்றுக்கிழமை என்று எடுத்துவிட்டால் முடிந்தது.

"அடுத்தது." அழுத்தினேன். வேட்டியில் என் அட்டவணை, நீலக் கட்டங்கள், மூன்றாம் நாள் பதினோராயிரம், நான்காம் நாள் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு, ஐந்தாம் நாள் கணவாய், எவ்வளவு அழகாக, ஒரு இடைவெளி இல்லாமல். சார் முதல் நாளிலிருந்து படிக்க ஆரம்பித்தார். "சார், ஒரு நிமிசம்" என்று ஒரு குரல் வந்தது, அது என்னுடையது, நான் எழுந்து நின்றுகொண்டிருக்கிறேன், நாற்காலி பின்னால் தள்ளிப்போய் எதிலோ இடித்தது. "இந்த அட்டவணை தப்புங்க. நாலாவது நாள் ஓய்வு இருந்துது. அதை நான் எடுத்துட்டேன். எடுத்திருக்கக் கூடாதுங்க." பிறகு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை, மேடத்தைப் பார்த்தேன். "மேடம், நீங்க போன்ல கேட்டீங்க. பிரச்சினை இல்லைன்னு சொன்னேன். தெரியாமச் சொல்லிட்டேனுங்க." மேடம் பேனாவை மூடினார். சென்னியப்பன்தான் முதலில் பேசினார், "ஒரு நாள் உக்காந்து ரெஸ்ட் எடுக்கலைன்னா என்னம்மிணி ஆயிரும்? தெனமும் ஆறு கிலோமீட்டர் நடக்கறவங்க நாங்க." நடப்பதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றேன், காற்றைச் சொன்னேன், தலைவலியைச் சொன்னேன், கால் பின்னுவதைச் சொன்னேன், மூச்சு வாங்கியது, மேடையில் பேசியே பழக்கமில்லை. அவர் கேட்டார், "செரி, எடுக்கச் சொன்னது ஆரு? உங்க சாரா?" சார் என்னைப் பார்க்கவில்லை, வேட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார். இப்போது ஆமாம் என்று சொன்னால் எனக்கு லேசாகிவிடும், பாதிக்குப் பாதி உண்மையும்கூட. பாதிதான். "ஒரு நாள் குறைக்கச் சொன்னாருங்க. எந்த நாள்னு அவர் சொல்லல. நான்தான் அதைப் பார்த்து எடுத்தேன். எனக்கு அது வேலையில்லாத நாளாத் தெரிஞ்சுது. நேத்து சார்கிட்டச் சொன்னேன், சார் அங்க போய்ப் பாத்துக்கலாம்னாரு. அங்க போனா நாள் இருக்காதுங்க." பின்வரிசைத் தொப்பைக்காரர் மெதுவாகச் சொன்னார், "எதுக்கு நாள் கொறைஞ்சுது? நவமி. நவமின்னு ஆரு சொன்னது? அப்ப எடுத்தது நம்ம செயலாளருங்கோ." ஒருவர் சிரித்து, யாரும் சேர்ந்துகொள்ளாததால் நிறுத்திக்கொண்டார்.

சென்னியப்பன் முகம் சிவந்துவிட்டது. "நல்ல நாள் பாத்தது ஒரு குத்தமா? தலைவலிக்கெல்லாமா பயப்படுவாங்க? எனக்கு ஊட்டிக்குப் போனாலே தலை வலிக்கும், ஒரு வாந்தி எடுப்பேன், ரெண்டாம் நாள் தானாச் செரியாப் போயிரும். இதையெல்லாம் போய்..." என்று சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். உடல்நலப் படிவத்தில் எல்லாக் கேள்விக்கும் இல்லை என்று வரிசையாக டிக் அடித்திருந்தவர் அவர், நான்தான் அதைக் கோப்பில் வைத்தேன், இவ்வளவு நேரம் ஒவ்வொரு முகமாகத் தேடிய நான் அந்த முகத்தில் தேடவே இல்லை, அது அவ்வளவு சத்தமாக இருந்தது. மங்கையர்க்கரசி மேடம் சொன்னார், "அந்த ரெண்டாம் நாளைத்தாங்க செயலாளரே இந்தப் புள்ள கேக்குது." சென்னியப்பன் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார், பிறகு, யாரிடம் என்று இல்லாமல், "நவமில எப்படிங்க கெளம்பறது" என்றார், அந்தக் குரலில் இப்போது அதட்டல் இல்லை, பயம் இருந்தது, அவர் பயமும் உண்மையான பயம்தான் என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. மேடம் நோட்டில் கட்டம் போட்டதுபோல நிதானமாகச் சொன்னார், "வியாழக்கிழமை சப்தமி. அன்னைக்கு நல்ல நேரத்துல எல்லாரும் அவங்கவங்க பையை வீட்டுல இருந்து எடுத்துட்டு வந்து இந்த ஹால்ல வெச்சிருவோம். பை கெளம்பினா நாம கெளம்பின மாதிரி. எங்கூட்டுல பரஸ்தானம்னு அதைத்தான் பண்ணுவாங்க. சனிக்கிழமை வந்து வெறுங்கையோட ஏறிக்கலாம்." சென்னியப்பன் கண்ணை மூடித் திறந்தார். "எங்கம்மா பண்ணுவாங்க," என்றார், "ஆமா, வெத்தலை பாக்கோட வெப்பாங்க." பிறகு சாரைப் பார்த்து, "சனிக்கிழமைக்கே டிக்கெட்டப் போடுங்க கிரி" என்றார். சார் தலையாட்டினார். "போட்டிரலாமுங்க" என்றார், சிரித்தபடியே சொன்னார், பிறகு என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "நாளைக்கு வந்ததும் ரூமுக்கு வா." சரிங்க சார் என்றேன். பயம் மறுபடியும் வந்தது, அதே பயமா வேறு பயமா தெரியவில்லை, அப்பா குடோனில் சொன்னதை எப்படித் திருப்பி வாங்குவார் என்று ஒரு பக்கம் ஓடியது. அது நாளைக்கு. இப்போது அட்டவணையைத் திறந்து மூன்றாவது வரிக்குக் கீழே ஒரு வரியைச் சேர்த்தேன், கீழே இருந்தவை எல்லாம் ஒரு படி இறங்கிக்கொண்டன. பதினோரு பேரும் வேட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் அவர்கள் முன்னால் பெரிதாக விழுந்தது. ஓய்வு என்று தட்டியதும் சென்னியப்பன், "அந்தப் பேரு வேண்டாம் அம்மிணி," என்றார், "அடுத்த வருசம் வேற ஆராவது பாத்துட்டு எடுத்துருவாங்க." அழித்தேன். கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. நான்காம் நாள், பதினோராயிரம் அடியிலேயே இன்னொரு இரவு, உடம்பு பழகுவதற்கு, இதை எடுக்கக் கூடாது என்று தட்டினேன். நடை என்ற கட்டத்தில் கோடு போடவில்லை, காலையில் இரண்டு மணி நேரம் மேலே ஏறி, திரும்ப வந்து தூங்குதல் என்று எழுதினேன். சேமித்தேன். யாரோ காப்பி என்று குரல் கொடுக்க நாற்காலிகள் நகர்ந்தன. பதிந்துவிட்டதா என்று மூடித் திறந்து பார்த்தேன், இருந்தது, மறுபடியும் மூடித் திறந்து பார்த்தேன்.